கிரேன் சர்வீஸில் அப்ரென்டிஸாகச் சேரப் போகிறவர்களுக்கு

ஐடிஐ முடித்துவிட்டு, "கிரேன் மெயின்டனன்ஸ் அப்ரென்டிஸ் தேவை" என்ற அறிவிப்பைப் பார்த்து, போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஃபிட்டர் படித்தவன். அம்பத்தூரில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் அப்ரென்டிஸாகச் சேர்ந்தேன், இன்றும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். ராணிப்பேட்டை, ஓசூர், கோயம்புத்தூர், ஒரகடம் என்று கிரேன் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் வேலைக்குப் போயிருக்கிறேன். என்னோடு மேலே ஏறிவரும் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருகிறேனோ அதையே இங்கேயும் சொல்கிறேன்.

கிரேன் என்றதும் ரோட்டில் போகும் லாரி கிரேனை நினைக்க வேண்டாம். நான் சொல்வது தொழிற்சாலைக் கூரைக்குக் கீழே, இரண்டு பக்கமும் போட்ட தண்டவாளத்தில் மின்சாரத்தில் ஓடும் ஈஓடி (எலக்ட்ரிக் ஓவர்ஹெட் டிராவலிங்) கிரேன். தொழிற்சாலைக் கூடத்தின் நீளத்துக்கு முழு கிரேனும் ஓடுவது எல்டி. கர்டர் என்ற குறுக்கு உத்திரத்தின் மேல் டிராலி குறுக்காக ஓடுவது சிடி. சுமையைத் தூக்கி இறக்குவது ஹோஸ்ட். சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்த மூன்று சொற்களும் உங்கள் வாயில் சரளமாக வந்துவிடும். அரை டன் தூக்கும் சின்ன ஹோஸ்ட்டிலிருந்து நூறு டன்னுக்கு மேல் தூக்கும் டபுள் கர்டர் கிரேன் வரை எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

எந்த டிரேட், எங்கே சேருவது

ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு பேருக்குமே இதில் இடம் உண்டு. மெக்கானிக் மெஷின் டூல் மெயின்டனன்ஸ் படித்தவர்களையும் எடுக்கிறார்கள். இன்றைய நிலையில் எலக்ட்ரீஷியனுக்குக் கொஞ்சம் வசதி அதிகம் என்பது என் கருத்து. பிரேக்டவுன் என்று கூப்பிட்டால், பெரும்பாலும் கோளாறு மின்சாரப் பக்கம்தான் இருக்கும். ஆனால் ஃபிட்டர் ஒருவர் கன்ட்ரோல் டயகிராம் படிக்கக் கற்றுக்கொண்டாலோ, எலக்ட்ரீஷியன் ஒருவர் கியர் பாக்ஸைத் திறந்து பல்லின் தேய்மானத்தைப் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டாலோ, அவரை எந்தக் கம்பெனியும் விடாது. ஆகவே படித்தது எதுவாக இருந்தாலும், மற்றதையும் கற்றுக்கொள்ளும் நோக்கத்தோடு வாருங்கள்.

சேருவதற்கு இரண்டு வகை இடங்கள் உண்டு. ஒன்று, சொந்தமாக நிறைய கிரேன் வைத்திருக்கும் பெரிய ஆலை. திருச்சி பெல், பெரம்பூர் ஐசிஎஃப் மாதிரி இடங்கள் அப்ரென்டிஸ்களை எடுப்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒழுங்கான ஷிஃப்ட், கேன்டீன், பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் அங்கே நன்றாக இருக்கும். ஆனால் உங்களை கிரேன் பிரிவிலேயே போடுவார்கள் என்று உறுதி கிடையாது. இன்னொன்று, ஊர் ஊராகப் போய் சர்வீஸ் செய்யும் கம்பெனி. அலைச்சல் அதிகம், சாப்பாட்டு நேரம் தவறும். ஆனால் ஒரே மாதத்தில் பல தயாரிப்பாளர்களின் கிரேன்களைப் பார்த்துவிடலாம். இந்தத் தொழிலையே பிடித்துக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டால், நான் சர்வீஸ் கம்பெனியைத்தான் சொல்வேன். வீட்டுச் சூழ்நிலை அலைச்சலுக்கு இடம் தராவிட்டால் ஆலைக்கே போங்கள், அதிலும் குறைவு எதுவும் இல்லை.

நேர்காணலில் நீங்களும் கேள்வி கேட்க வேண்டும். "சார், நான் யாரோட மேல ஏறுவேன்?" என்று கேளுங்கள். "இன்னாரோடு" என்று ஒரு பெயர் வந்தால் நல்ல இடம். "அதெல்லாம் போகப் போகப் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் யோசியுங்கள். கற்றுத் தர ஒரு சீனியர் இல்லாத இடத்தில், ஒரு வருடமும் ஸ்பேனர் பெட்டியைச் சுமப்பதிலேயே போய்விடும்.

காகித வேலை

சலிப்பாக இருந்தாலும் இதைத் தவறவிடக் கூடாது. அப்ரென்டிஸ் பயிற்சி 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. மத்திய அரசின் அப்ரென்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் நீங்கள் பதிவு செய்ய வேண்டும், கம்பெனியும் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும், இருவருக்கும் இடையிலான ஒப்பந்தமும் அங்கே ஏறியிருக்க வேண்டும். ஒப்பந்த எண் கைக்கு வராத வரை நீங்கள் அப்ரென்டிஸ் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் "டிரெயினி" என்று பெயர் வைத்து, எதிலும் பதியாமல் வேலை வாங்குவார்கள். வருடம் முடிந்தபின் கையில் ஒரு லெட்டர்ஹெட் தாள்தான் மிஞ்சும். தேசிய அப்ரென்டிஸ்ஷிப் சான்றிதழ், அதாவது என்ஏசி, கிடைக்காது.

ஐடிஐ முடித்த ஃபிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் பயிற்சிக் காலம் பொதுவாக ஓராண்டு. டிப்ளமோ படித்தவர்களுக்கு வழி வேறு. அவர்கள் நாட்ஸ் என்ற தேசிய அப்ரென்டிஸ்ஷிப் பயிற்சித் திட்டத்தில் பதிய வேண்டும், தென் மாநிலங்களுக்கு அதைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. உதவித்தொகையைப் பொறுத்தவரை, 2019ஆம் ஆண்டு விதித் திருத்தம் படிப்புக்கு ஏற்றபடி மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சத் தொகையை வைத்தது. நீங்கள் சேரும் நாளில் நடப்பில் இருக்கும் தொகையை இணையதளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தரும் கம்பெனிகளும் உண்டு. வெளியூர் வேலைக்குப் போனால் பஸ் கட்டணமும் சாப்பாட்டுப் படியும் யார் தருவார்கள் என்பதையும் முன்னாடியே பேசிவிடுங்கள். அந்தப் பேச்சில் கூச்சம் வேண்டாம்.

அதே சட்டத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியின்போது அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு கம்பெனிக்கு உண்டு, அது 16ஆம் பிரிவு. அப்ரென்டிஸ்ஷிப் அட்வைசர் என்ற அரசு அதிகாரியின் அனுமதி இல்லாமல் உங்களை ஓவர்டைம் வைக்கக் கூடாது, அது 15ஆம் பிரிவு. நடுராத்திரி பிரேக்டவுனுக்கு "நீயும் வா" என்று அழைக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

மேலே ஏறுவதற்கு முன்

உயரம் உங்களுக்கு ஒத்துவருமா என்று முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. தொழிற்சாலை கர்டர் பெரும்பாலும் எட்டு மீட்டர், பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும். முதல் சில நாட்கள் கால் நடுங்கினால் அதில் தப்பில்லை, பழகிவிடும். ஆனால் ஏறியதும் தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்றால் மறைக்காமல் சீனியரிடம் சொல்லுங்கள். பேனல் (மின் கட்டுப்பாட்டுப் பெட்டி) வேலை, ஒர்க்‌ஷாப்பில் ஹோஸ்ட் ஓவர்ஹால் என்று தரையிலேயே செய்யும் வேலை இந்தத் தொழிலில் நிறைய இருக்கிறது.

சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கு அடியில், கர்டர் மேல், அனல் முகத்தில் அடிக்கும். காலை ஏழு மணிக்கே ஏறி, பத்து பத்தரைக்குள் மேல் வேலையை முடிக்கப் பாருங்கள். தண்ணீர் பாட்டில் ஹார்னஸில் (உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையில்) தொங்கட்டும். புறா எச்சம் நிறைய இருக்கும், பேனலுக்குள்ளேயே கூடு கட்டியிருக்கும், ஆகவே மாஸ்க்கும் கையுறையும் அவசியம். ஹார்னஸ் இரண்டு கொக்கி உள்ளதாக இருக்க வேண்டும். ஒன்றைக் கழற்றி மாட்டும்போது மற்றது மாட்டியே இருக்க வேண்டும். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றுக்கும் கயிறு கட்டுங்கள். கீழே டேப் கட்டி ஆள் வராமல் தடுக்காமல் ஒரு நட்டைக்கூடத் தளர்த்தக் கூடாது. அந்த உயரத்திலிருந்து விழும் ஒரு நட், ஹெல்மெட் போடாதவன் உயிரை எடுக்கப் போதும்.

முதலில் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்

என்னோடு வரும் அப்ரென்டிஸுக்கு ஆரம்பத்தில் நான் ரிப்பேர் சொல்லித் தருவதில்லை. கிரேனைச் சரியாக நிறுத்தச் சொல்லித் தருகிறேன். இதில் பார்த்தவுடன் புரியாத சங்கதிகள் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கூடத்தின் ஓரத்தில் நீளமாகப் போகும் பஸ் பார் என்ற மின்பட்டையிலிருந்து, அதை உரசிக்கொண்டு ஓடும் கலெக்டர் வழியாகத்தான் கிரேனுக்கு மின்சாரம் வருகிறது. இந்த பஸ் பார் வரிசையை டிஎஸ்எல் என்பார்கள். கிரேன் மேலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் இருக்கும். அதை ஆஃப் செய்தால் பேனலுக்கு மின்சாரம் போகாது. ஆனால் கலெக்டரிலும் பஸ் பாரிலும் 415 வோல்ட் அப்படியே இருக்கும். கலெக்டர் ஷூ மாற்றுவதற்கோ, கர்டர் முனையில் சக்கரம் இருக்கும் எண்ட் கேரேஜ் பக்கம் பஸ் பார் அருகில் வேலை செய்வதற்கோ, கீழே தூணில் இருக்கும் டிஎஸ்எல் ஐசொலேட்டரையே ஆஃப் செய்ய வேண்டும். அங்கேதான் தகராறு வரும். ஒரே பஸ் பாரில் இரண்டு கிரேன் ஓடினால் இரண்டும் நின்றுவிடும். "மேல இருக்கிற ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணா போதாதாப்பா?" என்று புரொடக்‌ஷன்காரர்கள் கேட்பார்கள். போதாது. அதை மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்ல வேண்டியது சீனியரின் வேலை. ஏன் போதாது என்பதைத் தெரிந்துவைத்திருப்பது உங்கள் வேலை.

ஆஃப் செய்ததும் உங்கள் சொந்தப் பூட்டைப் போடுங்கள். சீனியர் போட்ட பூட்டு அவர் உயிருக்கு, நீங்கள் போடும் பூட்டு உங்கள் உயிருக்கு. சாவி உங்கள் பாக்கெட்டிலேயே இருக்க வேண்டும், யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பிறகு பெண்டன்டில் (கிரேனிலிருந்து தொங்கும் பட்டன் பெட்டியில்) எல்லா பட்டனையும் அழுத்திப் பாருங்கள், மீட்டர் வைத்து மூன்று ஃபேஸும் செத்திருப்பதைப் பாருங்கள். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி டிரைவ் இருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். மின்சாரம் போன பிறகும் அதன் கெபாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும். டிரைவின் மேல் எத்தனை நிமிடம் காத்திருக்கச் சொல்லி ஒட்டியிருக்கிறதோ அத்தனை நிமிடம் காத்திருந்து, டிசி முனையில் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

அதே தண்டவாளத்தில் இன்னொரு கிரேன் ஓடிக்கொண்டிருந்தால் அது உங்களை இடிக்க வரும். இது கற்பனையான பயம் அல்ல. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவே, கிரேன் பாதையில் ஆள் வேலை செய்யும்போது அவருக்கு 6 மீட்டருக்குள் கிரேன் வராதபடி தடுக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. தண்டவாளத்தில் ஸ்டாப்பர் வைத்த பிறகே ஏறுங்கள். ஆபரேட்டரிடம் வாயால் சொல்லிவிட்டு ஏறாதீர்கள், ஷிஃப்ட் மாறினால் அடுத்த ஆபரேட்டருக்கு நீங்கள் மேலே இருப்பது தெரியாது.

கடைசியாக, ஹோஸ்ட் பிரேக். இதைக் கழற்றுவதற்கு முன் கொக்கியில் சுமை இருக்கக் கூடாது, கொக்கியைத் தாங்கும் பாட்டம் பிளாக் தரையிலோ ஸ்டாண்டிலோ உட்கார்ந்திருக்க வேண்டும். பாட்டம் பிளாக் மட்டுமே சில நூறு கிலோ இருக்கும் கிரேன்கள் உண்டு. அந்தரத்தில் தொங்கவிட்டு பிரேக்கைத் திறந்தால், ரோப் சுற்றியிருக்கும் டிரம் தானாகச் சுற்றி எல்லாம் கீழே போய்விடும்.

பார்க்கப் பழகுவது

முதல் சில மாதங்கள் உங்கள் கையில் பெரும்பாலும் இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்தான் இருக்கும். அதை வெறும் டிக் அடிக்கும் வேலையாக நினைத்தால் இந்தத் தொழில் உங்களுக்கு வராது.

ரோப்பை, அதாவது சுமை தொங்கும் எஃகுக் கயிற்றை, எடுத்துக்கொள்ளுங்கள். கிரேனில் அதிகம் பார்க்கும் ரோப்களில் ஒன்று 6×36 வகை, அதாவது 6 ஸ்ட்ராண்ட் (புரி), ஒவ்வொன்றிலும் 36 கம்பி. அதன் விட்டத்தை வெர்னியரில் அளக்கும்போது தாடைகள் எதிரெதிர் ஸ்ட்ராண்டுகளின் முதுகில் உட்கார வேண்டும். பள்ளத்தில் உட்கார்ந்தால் அளவு குறைத்துக் காட்டும், நல்ல ரோப்பைத் தேய்ந்தது என்று எழுதிவிடுவீர்கள். ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை அளந்து, இரண்டையும் எழுதுங்கள். கம்பி அறுந்திருப்பதைப் பார்க்க, ரோப்பை நிறுத்தி வைத்துவிட்டு காட்டன் வேஸ்டால் துடைத்துப் பாருங்கள், அறுந்த நுனி பஞ்சை இழுக்கும். ஓடும் ரோப்பில் கை வைக்கவே கூடாது. ரோப் விட்டத்தைப்போல 6 மடங்கு நீளத்திலும் 30 மடங்கு நீளத்திலும் எத்தனை கம்பி அறுந்திருக்கிறது என்று எண்ணி, அந்த வகை ரோப்புக்கு உரிய அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். ஷீவ் என்ற கப்பியின் மேல் உட்காரும் இடத்தையும், ஆணி அடித்தாற்போல் ரோப் நிலையாக நிற்கும் ஈக்வலைசர் ஷீவ் பக்கத்தையும் மறக்காமல் பாருங்கள். ஈக்வலைசரில் ரோப் அதிகம் நகராது என்பதால் பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. துருவும் அறுந்த கம்பியும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கொக்கி முழுக்கக் கீழே இறங்கிய நிலையிலும் டிரம்மில் குறைந்தது 2 சுற்று மிச்சம் இருக்க வேண்டும்.

கொக்கியின் வாயில் தயாரிப்பாளர் இரண்டு புள்ளி குத்தியிருப்பார். புதிதில் இருந்த இடைவெளி மேனுவலிலோ சான்றிதழிலோ இருக்கும். இன்றைய அளவை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 10 சதவீதம் விரிந்தால் மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு, அதைவிடக் கண்டிப்பானவர்களும் உண்டு, ஆகவே அந்தந்த மேனுவலே முடிவு. கொக்கியில் வெல்டிங் வைப்பது, சூடுகாட்டி நிமிர்த்துவது இரண்டும் கூடவே கூடாது. யாராவது செய்திருப்பதைப் பார்த்தால் உடனே சொல்லுங்கள்.

கொக்கி அளவுக்கு மேல் ஏறாமல் நிறுத்தும் மேல் லிமிட் ஸ்விட்ச்சை வெறும் கொக்கியோடு, மெதுவான வேகத்தில் தட்டிப் பார்க்க வேண்டும். பிரேக்கைப் பார்க்க, சுமையைத் தரையிலிருந்து கொஞ்சம் மட்டும் தூக்கி நிறுத்தி, நழுவுகிறதா என்று கவனிக்க வேண்டும். எல்டி சக்கரத்தின் ஓரம் ஒரு பக்கமாகப் பளபளவென்று தேய்ந்து, தண்டவாளத்துக்குக் கீழே இரும்புத் தூள் உதிர்ந்து கிடந்தால், கிரேன் கோணலாக ஓடுகிறது என்று பொருள். சக்கரத்தை மட்டும் மாற்றினால் புதுச் சக்கரமும் அதே மாதிரி தேயும். தண்டவாள அளவையும் எடுக்கச் சொல்லுங்கள்.

மின்சாரக் கோளாறுகளில் மூன்று வகை திரும்பத் திரும்ப வரும். மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால், பெரும்பாலும் ஒரு கலெக்டர் ஷூ தேய்ந்து ஒரு ஃபேஸ் விட்டிருக்கும். ஏறுகிறது, இறங்கவில்லை என்றால், பெண்டன்ட் பட்டன், லிமிட், எதிர்க் கான்டாக்டரின் இன்டர்லாக் காண்டாக்ட் (இரண்டு திசையும் ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் தடுப்பது) என்ற வரிசையில் பாருங்கள். ஓடும்போது திடீரென்று நின்று, தட்டினால் மறுபடி ஓடுகிறது என்றால், பெண்டன்ட் கேபிளோ, கர்டர் ஓரம் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் ஃபெஸ்டூன் கேபிளோ உள்ளே அறுந்திருக்கலாம். இந்த மூன்றையும் டயகிராமில் விரல் வைத்துத் தொடரப் பழகினால் மற்றவை தானாகப் பிடிபடும்.

"ஒரே ஒரு லிஃப்ட் தம்பி"

இந்த வார்த்தையை நீங்கள் கேட்காமல் இருக்கப் போவதில்லை. ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஃபோர்ஜிங் ஆலையில், ரோப்பில் ஒரு ஸ்ட்ராண்ட் வெளியே தள்ளி நின்றதைப் பார்த்து கிரேனை நிறுத்தச் சொன்னேன். "லாரி வாசல்ல நிக்குது, ஒரே ஒரு லிஃப்ட் தம்பி, அப்புறம் நீ என்ன வேணா பண்ணு" என்றார் ஷிஃப்ட் இன்சார்ஜ். "சார், இந்த ரோப்போட தூக்கச் சொல்லி என்னால எழுத முடியாது. நிறுத்தணும்னு ரிப்போர்ட்ல எழுதித் தரேன், நீங்க வாங்கிட்டேன்னு கையெழுத்துப் போடுங்க" என்றேன். அவர் கோபமாகப் போய்விட்டார். ஆனாலும் அன்று அந்த கிரேனில் யாரும் தூக்கவில்லை. லாரி மறுநாள் லோடு ஏற்றிப் போனது.

அப்ரென்டிஸாக இருக்கும் உங்களுக்கு அப்படி நிறுத்தும் அதிகாரம் கிடையாது, உண்மைதான். ஆனால் பார்த்ததை உடனே சீனியரிடம் சொல்லும் கடமை உண்டு. "அண்ணே, இது சரியா இருக்கிற மாதிரி தெரியல, வந்து பாருங்க" என்று சொன்னால் போதும். பத்தில் ஒன்பது தடவை அவர் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்ல, ஓடட்டும்" என்பார். அதற்காகப் பத்தாவது தடவை சொல்லத் தயங்காதீர்கள். அடிக்கடி கூப்பிடுகிறான் என்று எரிந்து விழும் சீனியர் கிடைத்தால், இன்சார்ஜிடம் கேட்டு வேறு ஆளோடு போக முடியுமா என்று பாருங்கள். இந்த விஷயத்தில் மட்டும் அட்ஜஸ்ட் செய்யாதீர்கள்.

நோட்டும் தேர்வும்

ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கி, போன இடம், கிரேனின் டன், தயாரிப்பு, கோளாறு என்ன, எப்படிக் கண்டுபிடித்தோம், என்ன மாற்றினோம் என்று அன்றன்று எழுதுங்கள். போட்டோ எடுக்க ஆலையில் அனுமதி இருக்காது, பல இடங்களில் கேட்டிலேயே போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். ஆகவே கையால் படம் வரையப் பழகுங்கள். பிரேக்கைப் பிரிக்கும்போது எந்த வாஷர் எந்தப் பக்கம் என்று வரைந்து வைத்தால், திரும்பப் பூட்டும்போது யாரையும் கேட்க வேண்டாம்.

பயிற்சி முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு உண்டு. அதில் வரும் கேள்விகள் உங்கள் டிரேடைப் பற்றியவை, கிரேனைப் பற்றியவை அல்ல. ஃபிட்டர் என்றால் ஃபைலிங், அளவெடுத்தல், டிரில்லிங் எல்லாம் கை மறக்காமல் இருக்க வேண்டும். ஒரு வருடம் கர்டர் மேலேயே இருந்துவிட்டு, தேர்வு நேரத்தில் ஃபைல் பிடிக்கத் தடுமாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது ஒர்க்‌ஷாப்பில் பெஞ்ச் வேலை கேட்டு வாங்குங்கள்.

பயிற்சி முடிந்ததும் அதே கம்பெனி வேலை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கடைசி இரண்டு மாதத்திலேயே வெளியிலும் விசாரிக்க ஆரம்பியுங்கள். நீங்கள் சர்வீஸுக்குப் போன ஆலைகளின் மெயின்டனன்ஸ்காரர்களுக்கு உங்கள் வேலை தெரிந்திருக்கும், முதல் அழைப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். ஒப்பந்த நகல், மாதாமாதம் உதவித்தொகை வந்த வங்கிக் கணக்கு விவரம், என்ஏசி மூன்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். ஐடிஐ சான்றிதழின் அசலைச் சரிபார்க்கக் காட்டலாம், ஆனால் "இங்கேயே இருக்கட்டும்" என்று யார் கேட்டாலும் விட்டுவிட்டு வராதீர்கள், நகலை மட்டும் கொடுங்கள்.